சித்திக்குப் போதாத வெளிச்சம்

செப்டம்பர் 3, புதன்

வெளிச்சத்தைக் கூட்டும் குமிழ் கடைசிவரை திரும்பியிருந்தது. சித்தி அதை இன்னும் திருப்பப் பார்த்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனாலும் சாப்பிடும்போது அந்த விரல்கள்தான் நினைவில் இருந்தன. இனி திரும்பாத குமிழை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கெஞ்சுவதுபோல, மெதுவாக.

இன்று பேனல் விளக்குகளுக்கு, அதாவது விமானத்தின் டயல் பலகை விளக்குகளுக்கு, முதல் சோதனை. சித்தியின் விமானம் அவளைவிட மூத்தது. இரண்டு பேர் தோளோடு தோள் இடிக்க உட்காரலாம். இறக்கை முழுக்கத் துணிதான், மேலே பூச்சு. யாரோ கோழி அடைக்க வைத்திருந்ததை வாங்கி வந்து, வருஷக்கணக்கில் தைத்தும் ஒட்டியும் பறக்க வைத்துவிட்டாள். பகலில் மட்டும். இரவில் பறக்க அதற்கு அனுமதி கிடையாது, டயல்களுக்கு வெளிச்சம் இல்லை என்பதால். அந்தக் காலத்தில் முட்களின் மேல் தானாக மினுங்கும் ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். அது எப்போதோ அணைந்துபோய்விட்டது. இப்போது பழுப்பாக, காய்ந்த பால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு டயலுக்கும் ஒரு குட்டி விளக்கு வைப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபின் எனக்கென்று வந்த முதல் வேலை. பேனலுக்குப் பின்னால் வேறு யாருடைய கையும் நுழையாது. "இவ விரலு இருக்கே, ஊசிக்கே நூல் மாதிரி" என்று சித்தி ரேடியோ அண்ணனிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தாள். ரேடியோ அண்ணன் எங்கள் மெக்கானிக். வாயை மூடவே மாட்டார் என்பதால் அந்தப் பெயர். அவர் பேச, நான் கேட்க, வேலை நன்றாக நடக்கிறது.

அடுத்த மாதம் பழைய விமானங்கள் எல்லாம் சேர்ந்து ஓர் இரவு கடற்கரையோரமாகப் பறக்கப்போகின்றன. சித்தி பெயர் கொடுத்துவிட்டாள். இளவயதில் இரவில் பறந்தவள், உரிமம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு வாய்ப்பே வரவில்லை. மேலேயிருந்து பார்த்தால் ஊர்கள் எல்லாம் யாரோ ஊதிவிட்ட கனல் மாதிரி கிடக்கும் என்று நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே சொல்லித் தூங்கவைப்பாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினேன். பழையதில் துரு இருந்தது. அதுதான் காரணமாக இருக்கும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

விளக்கைச் சோதிக்க இரவு வரை காத்திருக்க வேண்டாம். விமானக் கொட்டகையான ஹேங்கரின் தகரக் கதவை இழுத்து மூடி, விமானத்தின் கண்ணாடிகள்மேல் கனத்த கறுப்புத் துணியைப் போர்த்தி உள்ளே உட்கார்ந்தால் மத்தியானமே ராத்திரி ஆகிவிடும். கண் இருட்டுக்குப் பழக அரை மணியாவது ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டும். எனக்கு அதைவிடப் பிடித்தது ஒன்றும் இல்லை.

முதலில் ஒன்றுமே இருக்காது. என் கையே இருக்காது. பிறகு எங்கிருந்தோ ஒரு வட்டத்தின் விளிம்பு வரும், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல. குமிழை மிகமிகக் கொஞ்சமாகத் திருப்பினால் டயல்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாக விழிக்கும். சிவப்புதான் வைக்க வேண்டும். இருட்டுக்குப் பழகிய கண்ணை அது கலைக்காது. வெள்ளை விளக்கை ஒரு நொடி பார்த்தால் போதும், அரை மணி நேர இருட்டு வீண்.

இன்று அந்த மங்கலில் உட்கார்ந்திருந்தபோது விமானம் நகர்வதுபோலவே இருந்தது. எங்கே போகிறோம் என்று கேட்க யாரும் இல்லை. கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் எழுப்பி நிறுத்தினால் என் தொண்டையில் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைகளுக்கு நடுவே நிற்பதைவிட... சரி, அதை விடு.

இன்னொன்றும் நடந்தது. வேகமானியில், அதற்குமேல் போகக்கூடாது என்று காட்டும் கோட்டைப் போன வாரம் நானே அழகாகச் சிவப்பில் தீட்டியிருந்தேன். சிவப்பு வெளிச்சத்தில் அந்தக் கோட்டைக் காணோம்! இருக்கிறது, ஆனால் இல்லை. ரேடியோ அண்ணன் தலையைத் துணிக்குள் நுழைத்துப் பார்த்துவிட்டு, இறக்கை பிய்யப்போகிற வேகத்தை மறைத்து வைத்த ஒரே ஆள் நீதான் என்று சாயங்காலம்வரை சிரித்தார். கோட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளையில் கரை கட்டினேன். இப்போது தெரிகிறது.

எனக்குத் தெரிகிறது. சித்தி பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வைடி" என்றாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

அம்மா போன் செய்தாள். அவளுக்கு வேலை வேறு ஊரில், அதனால்தான் நான் அவள் தங்கை வீட்டில், சித்தியோடு. நன்றாக இருக்கிறேன் என்றேன். அதற்குமேல் வரவில்லை. அவளும் பழகிவிட்டாள், நான் மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்தாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பல்புகளை மாற்றியாகிவிட்டது. கம்பிகளை மாற்றியாகிவிட்டது. பேட்டரியிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் போகிற மின்சாரத்தை ரேடியோ அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்தார். எங்கேயும் குறைவில்லை. "உன் வேலையில ஒரு சொட்டு ஒழுகல தங்கச்சி. அக்காவுக்கு என்னதான் வேணுமாம், கல்யாண மண்டபம் மாதிரி சீரியல் செட்டா?"

பல் டாக்டர் வந்திருந்தார். பக்கத்து ஹேங்கரில் அவருக்கும் ஒரு பழைய விமானம் இருக்கிறது. வாரத்தில் பாதி நாள் பல், பாதி நாள் ஆகாயம். அவரையும் துணிக்குள் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னாள் சித்தி. சித்தி கேட்ட அளவில்தான் குமிழ் இருந்தது. டாக்டர் கண்ணை இடுக்கிக்கொண்டு, "கூசுதும்மா. முன்கண்ணாடியில எல்லா டயலும் பிரதிபலிக்குது, வெளிய என்ன தெரியும்? பாதியாக் குறை" என்றார்.

சித்தி வெளியே நின்றபடி, பல்லைக் குடைபவர்களுக்கு எல்லாமே கூசும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். பிறகு யோசித்தேன். எனக்கும் அந்த வெளிச்சம் அதிகம்தான். டாக்டருக்கும் அதிகம். ஒருவருக்கு மட்டும் போதவில்லை.

விளக்கில் இனி மாற்ற என்ன இருக்கிறது?

செப்டம்பர் 21, ஞாயிறு

சினிமாவுக்குப் போனோம். படம் ஆரம்பித்துவிட்டது. இருட்டில் படியேறும்போது சித்தி என் தோளில் கை வைத்துக்கொண்டாள். எப்போதும் வைப்பாள். சின்ன வயதிலிருந்து தியேட்டர் என்றால் எனக்கு அந்தக் கைதான். என்மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று நான் ஒரு படி நின்றேன். கையும் நின்றது. நான் இடப்பக்கம் நகர்ந்தேன். கையும் நகர்ந்தது.

படத்தின் கதை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வண்டியை நான்தான் ஓட்டிவந்தேன். பொழுது சாய்ந்தால் நான்தான் எப்போதும். உனக்குப் பழக்கம் வரட்டும் என்று சித்தி சாவியைக் கொடுத்துவிடுவாள். பழகி எத்தனை காலமாகிறது?

செப்டம்பர் 24, புதன்

விமானத் துறை இன்ஸ்பெக்டர் வந்து பேனலைப் பார்த்தார். என்னோடு துணிக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. குமிழை மேலே, கீழே, மறுபடி மேலே திருப்பினார். ஓரிடத்தில் நிறுத்தி, இந்த அளவில் ஒரு புள்ளி வைத்துவிடு, இதுதான் சரியான அளவு என்றார். பல் டாக்டர் சொன்ன அதே பாதி. நான் வெள்ளைப் புள்ளி வைத்தேன்.

கையெழுத்து ஆகிவிட்டது. விமானம் இனி இரவில் பறக்கலாம்.

சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள். என் கால் ரேடியோ அண்ணனின் டீயில் பட்டு அவர் சட்டையெல்லாம் டீ. "பூனை, என் பூனை" என்று தலையில் முத்தம் கொடுத்தாள். சத்தமில்லாமல் நடப்பேன் என்று வைத்த பெயர். மனம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. முழுக்க என்றால், ஓர் ஓரம் தவிர.

செப்டம்பர் 25, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிட வேண்டும்.

காலையில் துணிக்குள் தனியாக உட்கார்ந்து உயரமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கீழே ஒரு சின்னக் குமிழ் உண்டு. அன்றன்றைய காற்றழுத்தத்துக்குத் தகுந்தபடி முள்ளைத் திருத்திவைப்பதற்கு. முள் வேறு இடத்தில் நின்றாலும் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முள் மேலே போகப் போக நானும் போவதுபோல இருந்தது. ஆயிரத்தைத் தாண்டி எங்கேயோ மிதந்துகொண்டிருந்தபோது சித்தி ஏறிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முள்ளைப் பழைய இடத்தில் வைக்க மறந்துவிட்டேன்.

சித்தி இருட்டுக்குக் கண் பழகும்வரை ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். நான் குமிழை வெள்ளைப் புள்ளிக்குக் கொண்டுவந்தேன். அவள் கிளம்புமுன் செய்யும் ஒத்திகையை ஆரம்பித்தாள். ஒவ்வொரு டயலாகக் கை நீட்டித் தொட்டு, அது காட்டுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"வேகம் பூஜ்யம். எஞ்சின் பூஜ்யம். உயரம் நூத்தி எண்பது."

கடல் மட்டத்திலிருந்து நூற்று எண்பது அடி, அதுதான் எங்கள் ஓடுதளத்தின் உயரம். எந்த நாளும் முள் அங்கேதான் இருக்கும்.

இன்று அங்கே இல்லை. எனக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, சிவப்பாக, ஆயிரத்துக்கும் மேலே. சித்தியின் விரல் அந்தக் கண்ணாடியின்மேலேயே இருந்தது. கண்கள் திறந்து நேராக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

தரையில் நிற்கும் விமானத்தில் எல்லா முட்களும் தூங்கும். அவை எங்கே தூங்கும் என்று அவளுக்கு மனப்பாடம். இத்தனை நாளும் அவள் மனப்பாடத்தைத்தான் படித்திருக்கிறாள்.

நான் வாயைத் திறந்தேன். கதவு சாத்திக்கொண்டது.

செப்டம்பர் 26, வெள்ளி

பறப்பதற்கு வேண்டிய டாக்டர் சர்டிபிகேட்டெல்லாம் சித்தி வைத்திருக்கிறாளே. வெளிச்சமான அறையில் சுவரில் எழுத்தைப் படிக்கச் சொல்லித்தானே கொடுத்தார்கள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அம்மாவுக்கு நானே போன் செய்தேன். பயந்துவிட்டாள். ஒன்றுமில்லை, சும்மா என்றேன். சித்தியின் கண்ணைப் பற்றிக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். எப்படியோ, சித்திக்கு இருட்டென்றால் பயமா என்று கேட்டுவிட்டேன். அம்மா சிரித்தாள்.

"அவளுக்கா? பேய்க்கே பேய் ஓட்டுவா. எங்கப்பாதான் பொழுது விழுந்தா வாசலைத் தாண்ட மாட்டார். அவ்வளவு ஒழுங்கு. ஊர்ல எல்லாரும் அவரைப் பார்த்துத்தான் கடிகாரம் வைப்பாங்க."

தாத்தாவை நான் பார்த்ததில்லை. சாயங்காலமானால் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாராம், காலையில்தான் எழுந்திருப்பாராம். ஒழுங்கு என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

நான் மூச்சு விடுவதை அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 2, வியாழன்

சொல்லிவிட்டேன்.

பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னேன். முகம் தெரியாவிட்டால் கொஞ்சம் சுலபம். சித்தி பின்னால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு முள்ளு ஆயிரத்துக்கு மேல நின்னுச்சு சித்தி."

"எந்த முள்ளு?"

"நீ நூத்தி எண்பதுன்னு சொன்னப்ப."

துடைக்கிற சத்தம் நின்றது. என்னைச் சோதிச்சுப் பார்த்தியா என்று கேட்டாள். இல்லை, மறந்துபோய் விட்டுவிட்டேன் என்றேன். அப்படியானால் நானும் மறந்துபோய் பழக்கத்தில் சொல்லிவிட்டேன், கணக்கு சரியாகிவிட்டது என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான் மூடவில்லை. மூடினால் அமைதியாகிவிடும்.

பிறகு சித்தி, "லைட்டு சரியில்லன்னா லைட்டைச் சொல்லு. என் கண்ணைச் சொல்லாத" என்றாள்.

நான் கண் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

சித்தி பேசுகிறாள். சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா, துணி காய்ந்ததா. பூனை என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

ரேடியோ அண்ணனிடம் சொல்லலாமா? சொன்னால் மத்தியானத்துக்குள் ஓடுதளத்தில் மேய்கிற ஆடுகளுக்குக்கூடத் தெரிந்துவிடும். பல் டாக்டரிடம்? இன்ஸ்பெக்டரிடம்? ஒரு போன் போதும். எல்லாம் நின்றுவிடும், பகல் பறப்பும் சேர்த்து. சித்தியிடமிருந்து அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? அவளைத் தெரியாதது மாதிரி கேட்கிறேனே. சமையல் பிடிக்காது, தையல் பிடிக்காது, டிவி பிடிக்காது. காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து மேகத்தைப் பார்க்கும் ஆள்.

சொல்லாவிட்டால்?

அக்டோபர் 11, சனி

பேனலைத் துடைக்க ஏறினேன். சித்தியின் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டார்ச் செருகியிருந்தது. வெள்ளை வெளிச்சம், கண்ணைப் பறிக்கிறது. முன்னால் இல்லை. தெரிந்துதான் வைத்திருக்கிறாள்.

எடுக்கவில்லை. வைத்த இடத்திலேயே விட்டேன். துணிக்குள் உட்கார்ந்து விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு இருந்தேன். சித்திக்கு இப்படித்தான் இருக்குமோ? நடுவில் ஒரு மங்கல், சுற்றிலும் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு இருட்டிலும் ஏதாவது வந்துவிடுகிறது. பேனலின் விளிம்பு, துணியின் தையலில் ஊசிமுனை அளவு பகல். என்னால் அவளாக ஆக முடியவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

சனிக்கிழமை கூட்டத்தோடு பறக்கப்போவதற்கு முன், இரவில் தனியாக மூன்று முறை ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். அதுவரை கூட ஆள் ஏற்றக்கூடாது என்பது விதி. சித்தி அதற்கு இன்றைய சாயங்காலத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

சூரியன் போய்விட்டது. மேற்கே ஒரு கோடு மட்டும் மிச்சம். ஓடுதளத்தின் இரு பக்கமும் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள், தூரத்தில் அவை நெருங்கி நெருங்கி ஒன்றாகிவிடுகிற மாதிரி. காற்றே இல்லை. இவ்வளவு அழகான பொழுதை நான் பார்த்ததில்லை.

ரேடியோ அண்ணன் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிட்டார். எஞ்சின் பிடித்தது. கடைசியாக விளக்கைச் சரிபார்க்க நான் வலப்பக்க இருக்கையில் ஏறியிருந்தேன். குமிழைப் புள்ளியில் வைத்தேன். டயல்கள் விழித்தன. முட்கள் இப்போது தூங்கவில்லை, எஞ்சினோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தன.

"சரி, இறங்கு" என்றாள் சித்தி.

நான் பெல்ட்டை மாட்டினேன்.

யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது. சித்தி திரும்பினாள்.

"என்னடி பண்ற? கூட ஆள் ஏறக்கூடாதுன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"பின்ன?"

"நீ போகலாம்னா நானும் வரலாம்."

பறப்பது என்றாலே எனக்குப் பயம். ரிப்பேர் பார்க்கத்தான் தைரியம், பகலில்கூட ஒரு தடவை பறந்ததில்லை. அது சித்திக்குத் தெரியும். என் முகத்தைப் பார்க்க முயன்றாள். பார்வை என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்றது. நான் கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டேன், இங்கே இருக்கிறேன் என்று. அவள் கையை எடுக்கவில்லை.

திட்டினாள். உனக்கென்ன பைத்தியமா, உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றாள். எஞ்சின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. நான் பெல்ட்டைக் கழற்றவில்லை. எனக்கு வரும் ஒரே வேலை அதுதான், சொல்லாமல் உட்கார்ந்திருப்பது. ரேடியோ அண்ணன் தூரத்தில் டார்ச்சை ஆட்டி, கிளம்பலாம் என்று காட்டினார்.

சித்தி முன்னால் பார்த்தாள். வெகுநேரம்.

"இடது பக்க லைட்டை எப்பப் போடுவாங்க?"

"போட்டுட்டாங்க சித்தி. அப்பவே."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

முட்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. சித்தி சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமி அடங்கியது, முட்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்துக்குப் போய்ப் படுத்தன. இவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. பூச்சிகள்கூட யோசித்துவிட்டுத்தான் மறுபடி ஆரம்பித்தன.

ரேடியோ அண்ணன் ஓடிவந்தார். என்னக்கா, மறுபடி லைட்டா என்று கேட்டார். பேட்டரியைத் திட்ட ஆரம்பித்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"லைட்டுல ஒரு குறையும் இல்ல தம்பி. இவ வச்ச லைட்டு நல்லாத்தான் எரியுது. எனக்குத்தான் கண்ணு தெரியல" என்றாள் சித்தி.

ரேடியோ அண்ணன் பேசவே இல்லை. மூன்று பேரும் சேர்ந்து விமானத்தை ஹேங்கருக்குள் தள்ளினோம்.

அக்டோபர் 18, சனி

அவர்கள் இன்று பறந்தார்கள். நாங்கள் வீட்டில் விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு சத்தமும் கூரையைக் கடக்கும்போது அது யாருடைய விமானம் என்று சித்தி சொன்னாள். கடைசியாகப் போனதற்குச் சொல்லவில்லை. எழுந்து போய் முகம் கழுவினாள்.

அக்டோபர் 29, புதன்

கண் ஆஸ்பத்திரி. அம்மாவும் லீவு போட்டு வந்திருந்தாள். சித்தியை ஓர் இருட்டறையில் உட்காரவைத்து, ஓரங்களில் சின்னச் சின்னப் புள்ளிகளாக வெளிச்சம் காட்டி, தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நான். புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. சித்தியின் விரல் அழுத்தாமல் காத்திருந்தது. பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

இது சரியாகாது என்று கண் டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார். குடும்பத்தில் வருவது. மெதுவாகத்தான் வளரும். பகல் பார்வை இப்போதைக்கு நன்றாகவே இருக்கிறது. பகலில் பறக்கலாமா என்பதை விமானத் துறை டாக்டர்கள் முடிவு செய்ய வேண்டும், அவர் அறிக்கை அனுப்புவார். அம்மா தாத்தாவின் நாற்காலியைப் பற்றிச் சொன்னபோது டாக்டர் தலையாட்டினார். என் கண்ணையும் அம்மாவின் கண்ணையும் பார்த்தார். எங்களுக்கு ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் சித்தி கேட்டாள்: "தெரிஞ்சதும் ஏன் இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ணல?"

"நீயே நிறுத்துவேன்னு நினைச்சேன்."

"நிறுத்தலன்னா?"

"நானும் கூடத்தானே இருந்தேன்."

அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை, நடுவில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சித்தி என் பின்னந்தலையில் ஒரு தட்டு தட்டினாள். வலித்தது. "போடி பூனை" என்றாள்.

நவம்பர் 14, வெள்ளி

பகலுக்கு அனுமதி வந்துவிட்டது, ஒரு வருஷத்துக்கு மட்டும். பிறகு மறுபடி பார்ப்பார்களாம். சித்தி அந்தக் காகிதத்தை ஹேங்கர் சுவரில் ஒட்டிவிட்டு வந்து, கையைத் தட்டிக்கொண்டு, அடுத்த விஷயம் என்றாள்.

அடுத்த விஷயம் இது. அமாவாசையை ஒட்டி ஓர் இரவு பல் டாக்டர் எங்கள் விமானத்தை ஓட்டுவார். சித்தி வலப்பக்கம் உட்கார்ந்து போவாள். பேசி முடித்துவிட்டார்கள். ரேடியோ அண்ணன், இருட்டில் ஒன்றும் தெரியாதவர் எதற்குப் போக வேண்டும் என்று கேட்டே விட்டார். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தார்.

"சும்மா உக்காந்து வர்றதுக்கு எவன் லைசென்ஸ் கேக்கப் போறான்? சத்தம் இருக்கு. குளிரு இருக்கு. ஊரு மேல போறப்ப அடியில சூடா ஒரு காத்து தூக்கும், அது இருக்கு" என்றாள் சித்தி. பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு ஒசரத்துல இருக்கோம்னு மட்டும் எனக்கே தெரியணும்டி. ஒவ்வொரு தடவையும் டாக்டர்கிட்ட கேட்டா, வாயைத் திறன்னு சொல்லிடுவாரு."

மத்தியானம் முழுக்க அந்த நினைப்பாகவே இருந்தேன். வலப்பக்கம் இன்னோர் உயரமானி பொருத்த இடம் இருக்கிறது. சித்திக்குத் தெரிகிற அளவுக்கு விளக்கு வைத்தால் அது டாக்டரின் கண்ணைக் கெடுக்கும், முன்கண்ணாடியிலும் விழும். டாக்டருக்கு ஏற்றபடி வைத்தால் சித்திக்கு அது இருட்டு. ஒரே பேனல், இரண்டு இரவு. பழைய உயரமானி ஒன்றை அங்கே தற்காலிகமாகப் பொருத்தி, துணிக்குள் இருவரையும் உட்காரவைத்துப் பார்த்தேன். சித்தி, "கூட்டு, இன்னும் கூட்டு" என்றாள். டாக்டர் "ஐயோ" என்றார். நான் உள்ளங்கையைக் குவித்து அந்த ஒரு டயலுக்கு இடப்பக்கம் சுவர் மாதிரி பிடித்தேன். டாக்டர் "ஐயோ" சொல்வதை நிறுத்தினார்.

சித்தி குனிந்து, முகத்தை டயலுக்கு மிகக் கிட்டே கொண்டுபோனாள். இந்தத் தடவை முள்ளை நான் வேண்டுமென்றேதான் மாற்றி வைத்திருந்தேன்.

"எழுநூத்தி இருபது" என்றாள்.

அவர்கள் இறங்கிப் போனபிறகு அலுமினியத் தகட்டின்மேல் என் உள்ளங்கையை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, வெட்ட ஆரம்பித்தேன்.